ஆடி அமாவாசையும் அளவு டேப்பும்

ஜூலை 16, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஜெயராணி அக்கா வந்தார். எதிர்வீடு. தெருவில் நடப்பது எல்லாம் முதலில் அவருக்குத் தெரியும், சில நேரம் நடப்பதற்கு முன்பே.

நகராட்சிக்குப் புது பில் கலெக்டர் வந்திருக்கிறாராம். வீட்டு வரி முழுவதையும் மறுமதிப்பீடு செய்கிறார்களாம். பழைய ஆள் வாசலில் நின்று, "எல்லாம் அப்படியேதான இருக்கு?" என்று கேட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். இவர் டேப்போடு உள்ளே வந்து மூலைமுடுக்கெல்லாம் அளக்கிறாராம். மேலத் தெருவில் ஒருவர் மாடியில் கட்டிய அறையைப் புறாக்கூண்டு என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "புறாவுக்கு ஏசி எதுக்குங்க?" என்று இவர் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

நகராட்சிக் கணக்கில் இது வெறும் குடியிருக்கும் வீடு. நிஜத்தில் முன்னறையில் ஆறு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கடை என்று தெரிந்தால் வரி மூன்று மடங்கு என்கிறார்கள்.

வரி கட்டுவது ஓசூரில் இருக்கும் சொக்கலிங்கம் அண்ணன். பில்லும் அவர் போனுக்குத்தான் போகிறது. வீட்டில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. அப்பா காரியம் முடிந்த கையோடு சொன்னார்: "இங்க பாரு அரசி, வரி ஒரு ரூபா ஏறினாலும் வீட்டை வித்துருவோம். ஆளுக்குப் பாதி." என் பாதிக்கு இந்த ஊரில் ஒரு குளியலறை கூட வாங்க முடியாது. வீடு போனால் கடையும் போகும். அப்புறம் ஓசூரில் அண்ணிக்கு மாவாட்டிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

அதனால் என் பார்லர் இந்த உலகத்தில் இல்லை, அண்ணனுக்கும் தெரியாது. ஆசை ஆசையாக எழுதி வாங்கிய 'அரசி அழகு நிலையம்' போர்டு பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. வாடிக்கையாளர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து, சொந்தக்காரர்களை விட அழகாகத் திரும்பிப் போகிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

வந்துவிட்டார்.

ஆடி வெள்ளி என்பதால் நல்ல கூட்டம். ஜெயராணி அக்கா முகம் முழுக்க முல்தானி மெட்டி. நர்ஸ் எஸ்தருக்குத் தலை நிறைய மருதாணி. ஒரு காலேஜ் பெண்ணுக்கு வலது புருவம் முடிந்து இடது புருவம் பாதியில். பெல் அடித்தது. அடுத்த கஸ்டமர் என்று நினைத்து, புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்தபடியே கதவைத் திறந்துவிட்டேன்.

"வீட்டு வரி மேடம். அளவு எடுக்கணும்."

நூலைத் துப்பினேன். "பூ கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். உள்ளே பச்சைத் தலை ஒன்று, மண் முகம் ஒன்று, ஒன்றரைப் புருவம். மூன்றும் அவரைப் பார்த்தன.

"விசேஷ வீடு சார்" என்றார் ஜெயராணி அக்கா. முகப்பூச்சு காய்ந்துகொண்டிருந்ததால் உதட்டை அசைக்காமல் பேசினார். "நிச்சயதார்த்தம். சொந்தக்காரவுக எல்லாம் வந்துருக்கோம்."

"அப்படிங்களா. யாருக்கு?"

அக்காவுக்குக் கல்லூரி போகிற மகன் இருக்கிறான். எஸ்தர் கழுத்தில் தாலி இருக்கிறது. மூன்றாவது சின்னப் பெண், போதாததற்குப் பாதிப் புருவம். மூன்று விரல்களும் என்னைக் காட்டின.

"என்னைக்குங்க?"

"ஆகஸ்ட் நாலு." ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "ஆடி மாசமாச்சே?"

"மாப்பிள்ளை வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டாக சார். படிச்சவுக" என்றார் அக்கா.

"நல்லதுங்க. விசேஷ வீட்டுல டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. முடியட்டும். அஞ்சாம் தேதி வர்றேன்."

பிழைத்தோம் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா ஒரு படி மேலே போனார். "நாலாந்தேதி நீங்களும் அவசியம் வந்துறணும் சார்." சொன்ன வேகத்தில் கன்னத்தில் மண் வெடித்து விழுந்தது.

"கண்டிப்பா வர்றேங்க" என்றார். வெளிர்நீலச் சட்டை. புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்துகிடக்கிறது. இருபது நிமிட வேலை. தொழில்முறையாகத்தான் பார்த்தேன்.

ஜூலை 20, சனி

காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை.

ஊரே செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளில் எனக்கு நிச்சயதார்த்தம். ஜெயராணி அக்காவிடம் காட்டினேன். "மாப்பிள்ளை வீட்டுல அதையும் பாக்க மாட்டாக" என்றார்.

ஜூலை 24, புதன்

தண்ணீர் வந்தது. சாக்கடையில் முடி அடைத்துக்கொண்டது. அரை மணி நேரம் குச்சியால் குத்தினேன்.

அவர் தெருக்கோடி மாவு மில்லை அளந்துகொண்டிருந்தார். பழுப்புச் சட்டை. ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சட்டையை எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை. பெயர் சோலைமலையாம். வயது நாற்பத்தொன்றாம். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாராம். இத்தனையும் அக்கா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று கூடிப் பேசினோம். அக்காவின் கொழுந்தனார் ஒருவர் கார் ஓட்டுகிறார், ஒரு நாளைக்கு வந்து உட்காருவாராம். வெயிட்டிங் சார்ஜ் தனியாம். வேண்டாம் என்றேன். எஸ்தர்தான் நல்ல யோசனை சொன்னாள்: மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அழுத பெண்ணின் வீட்டை அளக்க எந்த அதிகாரிக்கும் மனசு வராது. நான் அழ வேண்டும், அவ்வளவுதான். சின்ன வெங்காயம் கால் கிலோ எழுதிக்கொண்டோம்.

ஜூலை 31, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. கேசரிக்கு ரவை வறுக்கும்போது தீராமல் இன்றே தீர்ந்ததே, அந்த மட்டும் நல்லது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

முன்னறையின் பெரிய கண்ணாடிக்கு ஒரு பட்டுப்புடவையைத் தொங்கவிட்டோம். சுழல் நாற்காலிக்கு ஜரிகைத் துணி சுற்றி மாலை போட்டோம். அக்கா அதற்கு 'மணப்பெண் நாற்காலி' என்று பெயர் வைத்தார்.

பத்து மணிக்கு வேட்டி சட்டையில் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பொட்டலம். "அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டு நேரா இங்கதான் வர்றேன்" என்றார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அக்கா பதற்றத்தில் அவரைக் கொண்டுபோய் மணப்பெண் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அந்த நாற்காலிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் உட்கார்ந்தால் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கியது. அரைச் சுற்று சுற்றவும் செய்தது. முட்டி நெஞ்சுக்கு வந்த நிலையில், சுவரைப் பார்த்தபடி, "நல்ல நாற்காலிங்க" என்றார். எஸ்தர் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வரல சார். காலைல போன் பண்ணி வேண்டாம்னுட்டாக."

இப்போது நான் அழ வேண்டும். வெங்காயம் அடுப்படியில் இருந்தது. அவரோ பாதி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டார். "எதுக்குங்க வேண்டாம்னாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

நாங்கள் ஒப்பிக்கத் தயாரித்த பொய் வேறு, எனக்கு வந்து நின்ற நினைப்பு வேறு. நான்கு பேர் நிஜமாகவே இந்த வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். ஒருவருக்கு வயசு. இருவருக்கு நகை. நான்காவது ஆள், "கண்டவ மூஞ்சியத் தேச்சுவிடுற பொண்ணா?" என்று வாசலிலேயே கேட்டார். அந்த வாக்கியம் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. வெங்காயம் இல்லாமலே அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழுததுதான் அவமானமாக இருந்தது.

அக்கா சமாளிக்கப் பார்த்தார். "வீடு பத்தாதாம் சார். இடம் போதாதுன்னு சொல்லிட்டாக."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சோலைமலைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யாருங்க சொன்னது?" பள்ளத்திலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "இந்த வீடா பத்தாது? யார்கிட்ட?" வேட்டி மடிப்பிலிருந்து டேப்பை எடுத்தார். தர்ப்பணத்துக்குப் போகும்போதும் டேப் கொண்டுபோகிற மனிதரை என்ன சொல்வது. "இந்தாங்க, அந்தப் பக்கம் பிடிங்க" என்று ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

நான் பிடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே பிடித்தேன். எந்த டேப்பை உள்ளே விடக் கூடாது என்று இரண்டு வாரமாக நாடகம் போட்டோமோ, அதை நானே ஒவ்வொரு அறையாக இழுத்துக்கொண்டு போனேன். கூடம், படுக்கையறை, அடுப்படி. ஒவ்வொன்றுக்கும் நீளம் அகலம் சொல்லி, "இது பத்தாதா? இது பத்தாதாங்க?" என்று வராத மாப்பிள்ளையிடம் சண்டை போட்டார்.

கொல்லைக்கு வந்ததும் நின்றார். "இங்க ஓட்டு ரூம் ஒண்ணு இருக்கணுமே?"

"அது பத்து வருசத்துக்கு முன்னாடி மழையில விழுந்துருச்சு."

இப்போது அங்கே முருங்கை மரம் நிற்கிறது. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இடித்தோம் என்று இன்னொரு வம்பு வருவதற்குள் அவரைக் கேசரி சாப்பிட உள்ளே கூப்பிட்டேன்.

கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது கண்ணாடியில் தொங்கிய பட்டுப்புடவையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு டூட்டி இல்ல. இன்னைக்கு அளந்தது எதுவும் கணக்குல வராது" என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு டூட்டியில வருவேன். அப்ப கண்ணுல என்ன படுதோ அதைத்தான் எழுதுவேன்."

பொட்டலத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. நின்றுபோன நிச்சயதார்த்தத்துக்கு வந்த பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே ஜெயராணி அக்கா இரண்டு சாக்கோடு வந்துவிட்டார். "அந்த மனுசன் ஒரு நாள் தவணை குடுத்துட்டுப் போயிருக்காரு, புரிஞ்சுக்கோ. நாற்காலியை எங்க வீட்டுல போட்ருவோம். கண்ணாடிக்கு முன்னாடி பீரோவை நகட்டு."

நகர்த்தினேன். பின்னால் போர்டு இருந்தது. என் பெயர் முழுக்க ஒட்டடை. 'அரசி'யில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆறு வருடம். எத்தனை கல்யாணப் பெண்களை இந்த அறையில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன். என் பெயரை மட்டும் நான் திருடிக்கொண்டு வந்த சாமான் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறேன். வாசலில் நின்று கேட்ட அந்த நாலாவது ஆள் சொன்னது சரி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரிதானே?

"அரசி, வீடு போயிரும்டி" என்றார் அக்கா.

"போகட்டும்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. போர்டைத் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, வாசலுக்கு மேல் மாட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. போர்டை நிமிர்ந்து பார்த்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி சத்தமாக வாசித்தார். உள்ளே வந்து முன்னறையை மட்டும் தனியாக அளந்தார், மற்றதைத் தனியாக அளந்தார். கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தைப் போட்டோ எடுத்தார். நாற்காலிப் பக்கம் போகவில்லை.

"முன்னறையை என்னன்னு எழுதுனீங்க?"

"கடைன்னுங்க."

"நேத்து கேசரி ரெண்டு தடவை வாங்குனீங்களே சார்!" என்று அக்கா வெடித்தார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார். போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மனசாட்சி இல்லாத புருவம்.

ஆகஸ்ட் 10, சனி

போர்டைப் பார்த்துவிட்டுப் புதிதாக மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி, "இங்க பார்லர் இருக்கறதே தெரியாதே" என்றாள். நன்றாகத்தான் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

கடை இன்னும் எத்தனை நாளோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சுவர்க்கடிகாரத்தை முன்னறையில் மாட்டினேன். கடையில் கடிகாரம் வேண்டும் என்பதற்காக மட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மதியம் அண்ணன் போன் செய்தார். கையெல்லாம் ப்ளீச் கிரீம். முழங்கையால் தொட்டு எடுத்தேன்.

"அரசி, வரி நோட்டீஸ் வந்துருக்கு. நீ ஆபீஸ்ல யாரையாச்சும் பாத்துப் பேசுனியா?"

"இல்லண்ணே." ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பின்ன எப்படிக் குறைஞ்சுச்சு?"

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். குறைந்துதான் இருக்கிறது. பெரிதாக இல்லை, முப்பத்தெட்டு ரூபாய். ஆனால் குறைந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு நகல் தபாலில் வந்தது. நான்கு முறை படித்தேன்.

ஒரு அறையில் கடை வைத்தால் வீடு முழுவதும் கடையாகிவிடாதாம். அந்த அறையின் சதுர அடிக்கு மட்டும்தான் கடை விகிதம். மற்றதெல்லாம் பழையபடி வீடு. என் முன்னறை சின்னது. கொல்லையில் இருந்த ஓட்டு அறை அதைப் போல இரண்டு பங்குக்கும் மேல். அது விழுந்து பத்து வருடமாகியும் நாங்கள் யாரும் போய்ச் சொல்லவில்லை. மோர் குடித்த ஆளும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் இத்தனை வருடமாக ஒரு முருங்கை மரத்துக்கு வரி கட்டியிருக்கிறார். இந்த நோட்டீஸில் விழுந்த அறையைக் கழித்து, முன்னறையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அளக்கவே விடாமல் ஜெயித்திருந்தால் இன்னும் அதையே கட்டிக்கொண்டிருப்போம்.

"இதுல முன்னறை, வணிகம்னு ஒண்ணு போட்டுருக்கே, என்னது அது?" என்று அண்ணன் கேட்டார்.

"அது என் கடைண்ணே."

"கடையா? எப்பருந்து?"

"ஆறு வருசமா."

அடுத்தது என்ன வருமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது அண்ணி குரல், தூரத்திலிருந்து: "கோல்டு ஃபேஷியல் எவ்வளவுன்னு கேளுங்க."

"வரி ஏறலைல்ல, அப்புறம் என்ன" என்றார் அண்ணன். கோபமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவில்லை. போனை வைத்த பிறகு நன்றாக அழுதேன். ப்ளீச் கிரீம் காய்ந்து, கஸ்டமர் கத்தினாள்.

நோட்டீஸில் கடைசியில் ஒரு வரி: ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நன்றி சொல்லலாம் என்று இந்த வாரம் இரண்டு முறை நகராட்சிப் பக்கம் போனேன். முதல் முறை அவர் வெளியே போயிருந்தார். இரண்டாம் முறை தூரத்தில் என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டார். கோடு போட்ட சட்டை. எனக்கென்ன, வரி சரியாக இருக்கிறது.

ஜெயராணி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேசரிக்கு ரவை வாங்கிட்டு வரட்டா?" என்றார். துண்டை எடுத்து எறிந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கடையைச் சாத்தப் போகும்போது வந்தார். வெளிர்நீலச் சட்டை, முதல் நாள் போட்டது. வாசலிலேயே நின்றார்.

"ஆட்சேபணை சொல்ற கெடு நேத்தோட முடிஞ்சுருச்சுங்க" என்றார்.

"தெரியும். அன்னைக்கு எதுக்கு என்னையப் பாத்து ஓடுனீங்க?"

"கணக்கு முடியறதுக்கு முன்னாடி உங்ககிட்டப் பேசுனா, நான் எழுதுனதுல யாருக்கும் சந்தேகம் வரும். உங்களுக்கே வரும்." டேப்பை எடுத்து, இழுத்து, உள்ளே விட்டு, மறுபடி இழுத்தார். "இனிமே இந்த வீட்டு ஃபைல்ல எனக்கு வேலை இல்ல."

"அப்ப இது பொய் நிச்சயதார்த்தம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பல்லுல நூலோட கதவைத் திறந்தீங்கல்ல, அப்பவே. எங்க ரெண்டு தங்கச்சியும் பார்லருக்குப் போறவங்கதான். ஆனா அன்னைக்கு நீங்க அழுதது பொய் இல்லைங்க, அதான் எனக்குக் கோபம் வந்துருச்சு."

"தெரிஞ்சுமா கடிகாரம் வாங்கிட்டு வந்தீங்க?"

"மாப்பிள்ளை நிஜமாவே இருந்துட்டா என்ன செய்யறதுன்னு ஒரு பயம் இருந்துச்சுங்க" என்றார். காது சிவந்துவிட்டது. "அமாவாசைன்னு காலண்டர்ல பாத்தப்புறம்தான் தூக்கமே வந்துச்சு." டேப்பைப் பையில் போட்டுவிட்டு, "ஆவணியில நல்ல நாள் இன்னும் இருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபணை இருக்குங்களா?" என்று கேட்டார். குரல் வரவே இல்லை, பாதி காற்று.

நாலு பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன வாசல் அது. அங்கே நின்று ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை அவரிடம் உடனே காட்டிவிட முடியுமா என்ன.

"ஒண்ணு இருக்கு" என்றேன். "உள்ள வந்து உக்காருங்க."

நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது. நான் நூலைப் பல்லில் கடித்தேன். முதல் இழுப்புக்கே அவர் போட்ட சத்தத்தில் ஜெயராணி அக்கா ரோட்டைத் தாண்டி ஓடி வந்து, எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். இருபது நிமிடம் என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஆனது.

காசு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். வரி கட்டுகிற கடை இது.

செப்டம்பர் 2, திங்கள்

தண்ணீர் வந்தது. முருங்கைக்காய் சாம்பார்.

அண்ணனுக்குப் போன் செய்து, அண்ணியையும் கூட்டிக்கொண்டு பதினஞ்சாம் தேதி வந்துவிட வேண்டும், வீட்டில் நிச்சயதார்த்தம் என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். விரலை நீட்டிக் காட்ட யாரும் இல்லை. "எனக்குத்தாண்ணே" என்று நானே சொன்னேன்.